நோன்புக் குளிசை

குறிஞ்சிப்பிட்டியில் சுஜீவா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மிஸ்ஸி என்று கேட்டால், மீன் வெட்டிக்கொண்டிருப்பவள்கூடக் கையை நிறுத்திவிட்டு, இப்போது எந்த வீட்டுக்குள் இருக்கிறாள் என்று வழி காட்டுவாள். ஊர் மருத்துவிச்சியான அவள் அரசாங்கக் கடிதங்களில் குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்பது அவளுடைய பகிடி. இருபத்தேழு வருடமாக ஒரே பகிடியைச் சொல்கிறாள். சனமும் இருபத்தேழு வருடமாகச் சிரிக்கிறது.

சொந்த ஊர் மன்னார்ப் பக்கம். யுத்தத்துக்குள் தகப்பன் செபஸ்தியாம்பிள்ளை ஒரு தையல் மெஷினையும் நான்கு பிள்ளைகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தபோது சுஜீவாவுக்கு இருபத்தைந்து வயது. சண்டை முடிந்ததும் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார்கள். சண்டை முடிவதற்குள் அவளுக்கு இங்கே உத்தியோகம் கிடைத்து, கல்யாணம் நடந்து, தகப்பனையும் இந்த மணலிலேயே அடக்கம் செய்தாகிவிட்டது. பிறகு எங்கே திரும்புவது?

வருகிற ஜூனில் அவளுக்கு அறுபது. ஓய்வு. அந்தத் தேதி தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. எந்த ஒழுங்கைக்குள் ஸ்கூட்டியைத் திருப்பினாலும் பழைய சைக்கிள்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்தச் சைக்கிள் செயின் கழன்று விழாத நாள் கிடையாது. விழுகிற இடத்து வீட்டில் ஒரு பிளேன்டீ கிடைக்கும். பிளேன்டீ குடிக்கிற நேரத்துக்குள் அந்த வீட்டுப் பெண்களின் கதை முழுவதும் அவள் காதுக்குள் வந்துவிடும். அரசாங்கம் கொடுத்த பயிற்சியைவிட அந்தச் செயின் தனக்கு அதிகம் உதவியது என்று இன்றைக்கும் சொல்வாள்.

ஆரம்பத்தில் எல்லோரும் படலையைத் திறந்துவிடவில்லை. "புள்ள குடுக்கிறவன் அல்லாஹ். தடுக்கிறதுக்கு நீங்க யாரு மிஸ்ஸி?" என்று யாகப்பு என்ற தோட்டக்காரர் வாசலிலேயே மறித்தார்.

"தடுக்க வரேல்ல வாப்பா. கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லத்தான் வந்தனான். வெங்காயத்தையே நீங்க இடைவெளி விட்டுத்தானே நடுறீங்க?"

யாகப்பு தன்னுடைய பாத்தியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வழி விட்டார். அடுத்த மாதம் அவருடைய மகள் கிளினிக்கின் முதல் வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

கருத்தடை முறை ஒவ்வொன்றுக்கும் பெண்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மூன்று மாத ஊசி, கைக்குச்சி, உள்ளுக்குப் போடுகிற லூப், வழி கட்டுகிற ஒப்பரேஷன். தினமும் விழுங்குகிற மாத்திரையை மட்டும் வெறுமனே குளிசை என்றார்கள். அதை மாமியார் கண்ணுக்குப் படாமல் ஒளித்துவைக்க ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் இருந்தது. அரிசி வாளிக்குள், தையல் பெட்டிக்குள், ஒருத்தி கோழிக்கூட்டின் கூரைக்குள்கூட. கோழிக்கூட்டுக்காரி மட்டும் மறுபடி கர்ப்பமாகி வந்து நின்றாள். மழைக்குள் போய் எடுக்கப் பஞ்சிப்பட்டு நான்கு நாள் விட்டுவிட்டாளாம்.

ஆண்களின் கதை வேறு. பள்ளிவாசல்துறைக் கரையில் ஆணுறைக்கு அப்படியொரு கிராக்கி. பெட்டி வந்த கிழமையே முடிந்துவிடும். அலுவலகத்தில் சுஜீவாவை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார்கள். ஒரு நாள் விடியற்காலையில் கரைக்குப் போனவள் விஷயத்தைக் கண்டாள். கைபேசியையும் டோர்ச்சையும் அதற்குள் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு படகில் ஏறுகிறார்கள். "சொட்டுத் தண்ணி போகாது மிஸ்ஸி. இதுல பெரிய சைஸ் வராதா?" என்று ஒருவன் கேட்டான். அவள் பாராட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

ஆனால் இந்தப் பகுதிக்கே சொந்தமான ஒன்று உண்டென்றால் அது நோன்புக் குளிசைதான். குளிசை அட்டையில் இருபத்தொரு வெள்ளையும் ஏழு கபிலமும் இருக்கும். வெள்ளை முடிந்து கபிலம் தொடங்கினால் மாதவிடாய் வரும். கபிலத்தை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் வெள்ளைக்குத் தாவினால் வராது. இதை எவளோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்துவிட்டாள். மாதவிடாய் நாட்களில் விடுபடுகிற நோன்பைப் பிறகு வேறு நாட்களில் பிடித்துக் களாச் செய்ய வேண்டும். ஊரெல்லாம் சாப்பிடுகிற நேரத்தில் தனியாகப் பட்டினி கிடப்பது எவ்வளவு கஷ்டம்! எல்லோரோடும் சேர்ந்து முப்பதையும் பிடித்துவிட்டால் பெரிய நிம்மதி. ஆகவே வருடம் பூராவும் குளிசை என்றாலே தலை சுற்றுகிறது என்று சொல்கிறவர்கள்கூட ரமழானுக்கு ஒரு கிழமை இருக்கும்போது வரிசையில் வந்து நிற்பார்கள். "மிஸ்ஸி, ரெண்டு நோம்புக் காட்."

சுஜீவா ஏசுவாள். ஏசிக்கொண்டே பிரஷரை அளப்பாள். பிரஷர் கூடினவர்களைத் திருப்பி அனுப்புவாள். எந்தக் கருத்தடை ஏற்பாடும் இல்லாதவர்களிடம் சிறுநீர் வாங்கி, கர்ப்பம் இல்லை என்று பார்த்த பிறகுதான் அட்டையைக் கொடுப்பாள். லூப் போட்டவர்களிடம் மட்டும் அதைக் கேட்கமாட்டாள். லூப் இருக்கிறவளுக்கு எதற்கு என்று விட்டுவிடுவாள். பெருநாள் முடிந்து அவள் போகிற வீடுகளில், முப்பதையும் பிடித்தவர்கள் கையை உயர்த்தி விரித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருக்கும். சிலுவை போட்ட கழுத்தோடு இத்தனை நோன்புக்கு உதவியவள் இந்தக் கரையில் தான் ஒருத்திதான் என்று மனதுக்குள் ஒரு பெருமையும் உண்டு.

இந்த வருடப் பெருநாள், உத்தியோகத்தில் இருந்துகொண்டு அவள் காண்கிற கடைசிப் பெருநாள். மதியம் கடந்து வழக்கம் போல றஹ்மத் உம்மா வீட்டுக்குப் போனாள். எத்தனை வீட்டில் கூப்பிட்டாலும் வட்டிலப்பம் அந்த வீட்டில்தான். முதல் வருடங்களில், சைக்கிளோடு வியர்த்து வந்து நின்றவளை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்ட முதல் பெண் றஹ்மத் உம்மா. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஏலமும் கலந்து, கரண்டி வைத்தால் நடுங்குகிற பதத்தில் ஒரு கிண்ணம் அவளுக்கென்று எப்போதும் தனியாக எடுத்து வைத்திருப்பாள்.

அந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் சுஜீவாவின் கண் ஒரு தடவை கீழே விழும். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். அதற்குக் காரணம் றஹ்மத் உம்மாவின் மகள் ஹஃபீலா.

ஹஃபீலாவுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் வயிற்றை வெட்டி எடுத்தவை. நான்காவது வேண்டாம் என்று டொக்டர் சொன்னதால் மூன்றாவது பிள்ளையோடு குழாய் கட்டிக்கொண்டாள். புருஷன் முஹ்ஸினுக்குத் தெரியும், சுஜீவாவுக்குத் தெரியும். தாய்க்கு மட்டும் தெரியாது. வழி கட்டுவது பாவம் என்று நினைக்கிற ஆள் றஹ்மத் உம்மா. "உம்மாட்ட மட்டும் சொல்லிடாதீங்க மிஸ்ஸி" என்று ஹஃபீலா கையைப் பிடித்துக் கேட்டாள். சுஜீவா மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்தாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கிளினிக் நாளில், அறுபது பேர் நிற்கிற கூட்டத்துக்குள்ளிருந்து ஹஃபீலா எட்டிப் பார்த்தாள். மாதவிடாய் பத்து நாள் பிந்தி இப்போதுதான் கொஞ்சம் இரத்தம் பட்டிருக்கிறது, தோள் வலிக்கிறது, ஒருவேளை ஏதும் இருக்குமோ என்றாள். சுஜீவா தலையை நிமிர்த்தவில்லை. "குழாய் கட்டினவளுக்கு எங்கயடி புள்ள? வெங்காயக் கட்டுத் தூக்கின நோவு அது. எண்ணெய் பூசு, போ" என்றாள். சுற்றி நின்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னாள். ஹஃபீலாவும் சிரித்துக்கொண்டுதான் போனாள்.

அடுத்த நாள் தோட்டத்தில் விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போனவள் திரும்பி வரவில்லை. கட்டிய குழாய்க்குள்ளேயே கரு தங்கி, குழாய் வெடித்து, வயிறு முழுக்க இரத்தம். விசாரணை வந்தபோது சுஜீவா தான் சொன்னதை ஒரு சொல் விடாமல் பெரிய டொக்டரிடம் சொல்லி அழுதாள். எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். முஹ்ஸின் மாமியாரிடம், வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துவிட்டதாம் என்பதோடு நிறுத்திக்கொண்டான். பிறகு பிள்ளைகளோடு முந்தல் ஊருக்குப் போய் வேறு கல்யாணமும் செய்துகொண்டான். சுஜீவா தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியம் செய்திருக்கிறேனே என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். அந்தச் சத்தியம் ஹஃபீலாவைக் காப்பாற்றுகிறதா, தன்னைக் காப்பாற்றுகிறதா என்ற கேள்வியைக் கிட்டப் போய்ப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"வாங்க மிஸ்ஸி, இந்த வருஷம் பிந்திட்டீங்க" என்று றஹ்மத் உம்மா கிண்ணத்தை நீட்டினாள். புதுச் சாரி. முகத்தில் பெருநாள் களை. மருமகள் றுமானாவை மட்டும் காணவில்லை.

"றுமானா எங்க?"

"படுத்திரிக்கா. முப்பதும் புடிச்சிட்டா, மாஷா அல்லாஹ். நோம்பு முடிஞ்ச கையோட மாசம் வந்திட்டுது. குளிசைய நிப்பாட்டினா வரும்தானே. நேத்து பலகாரத்துக்கு மா இடிச்சதுல தோளும் வலிக்கியாம்."

வாய்க்குப் போன கரண்டி பாதியில் நின்றது.

"தோளோ? எந்தத் தோள்?"

"தோள்தான் மிஸ்ஸி, இந்த நுனி. சாப்பிடுங்களே."

சுஜீவா கிண்ணத்தை வைத்துவிட்டு அறைக்குள் போனாள். றுமானா கட்டிலில் படுத்திருக்கவில்லை. தலையணையைச் சுவருக்கு அண்டக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் தோள் இன்னும் வலிக்கிறது என்றாள். நெற்றி வியர்த்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. கையைப் பிடித்தால் நாடி ஓடுகிற ஓட்டத்தை எண்ண முடியவில்லை.

"எழும்பினா தலை சுத்துதோ?"

"விடியச் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பக்குள்ள ரெண்டு நாளா சுத்தினிச்சி மிஸ்ஸி. நோம்பு மயக்கமாக்கும்."

"குளிசைக் காட்டைத் தா பாப்பம்."

தலையணை உறைக்குள்ளிருந்து அட்டை வந்தது. போன மாதம் சுஜீவா தன் கையால் கொடுத்த அட்டை. றுமானாவுக்கு லூப் போட்டு நான்கு வருடம். ஆகவே எதையும் சோதிக்காமல்தான் கொடுத்தாள். இரண்டாவது அட்டையில் பல வெள்ளைக் குளிசைகள் மீதம் இருந்தன.

"குளிசையை எப்ப நிப்பாட்டினனீ?"

"நேத்து."

"முதல்ல எப்ப பட்டது? உண்மையைச் சொல்லு."

றுமானா கதவுப் பக்கம் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "இருவத்தாறாம் நோம்புல. கொஞ்சமாத்தான், கபில நிறமா. மாமிட்ட சொல்லல்ல. இன்னும் நாலு நோம்புதானே மிஸ்ஸி, அதையும் புடிச்சிடலாமெண்டு..."

குளிசை நிறுத்தியதால் வந்த இரத்தம் அல்ல அது. குளிசை குடிக்கும்போதே வந்த இரத்தம். ஒரு மாதம் வராமல் போனதைக் குளிசை மறைத்தது, மயக்கத்தை நோன்பு மறைத்தது, தோள் நோவை உரல் மறைத்தது. இப்படி மூன்று திரை போட்டு மறைத்துக்கொள்ள வேறு எந்த ஊர்ப் பெண்ணாலும் முடியாது. அந்த முதல் திரையைக் கொடுத்தவள் சுஜீவாதான்.

வெளியே வந்தாள். "உம்மா, உங்கட மகன் ஆகிப்பைக் கூப்பிடுங்க. ஓட்டோவை எடுத்துக்கொண்டு உடனே வரட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். குழாய்க்குள்ள கரு தங்கியிருக்கெண்டு நினைக்கிறன்."

றஹ்மத் உம்மா சிரித்தாள். "என்ன மிஸ்ஸி பகிடியா? லூப் இரிக்கிறவளுக்கு எங்க புள்ள? நீங்கதானே கிளினிக்குல எல்லாருக்கும் சொல்றது. மாச வலி அது. ஊட்டுக்கு ஆக்கள் வார நேரம். பெருநாளும் அதுவுமா ஆஸ்பத்திரிக்கு ஏத்தினா ஊரு என்ன கதைக்கும்? நாளைக்கிப் பாப்பம்."

உள்ளேயிருந்து றுமானாவும், "வேணாம் மிஸ்ஸி, கொஞ்சம் இப்பிடியே இரிந்தாச் சரியாப் போயிடும்" என்றாள். குரல் ஏற்கனவே தேய்ந்திருந்தது.

எங்க புள்ள! தன்னுடைய வாயிலிருந்து போன வார்த்தை பத்தொன்பது வருடம் ஊரைச் சுற்றிவிட்டு இந்தக் கிழவியின் வாயால் திரும்பி வந்து நிற்கிறது. இனி எதைச் சொன்னாலும் இவள் அசையமாட்டாள். அசைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் இந்த வீட்டு வாசல் தனக்கு மூடிவிடும், இந்த ஊரும் மூடிவிடும், இரண்டு மாதத்தில் இருபத்தேழு வருடத்தின் மேலும் மண் அள்ளிப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் யோசித்தாள்.

"உம்மா, ஹஃபீலாவுக்கும் இந்தத் தோள்தான் நொந்தது."

றஹ்மத் உம்மாவின் சிரிப்பு நின்றது. "அது வெங்காயம் தூக்கி..."

"வெங்காயமில்ல. நான்தான் அப்படிச் சொன்னனான். அவள் வழி கட்டியிருந்தவள் உம்மா. உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவள். கட்டினாலும் ஆயிரத்தில ஒருத்தி ரெண்டு பேருக்குத் தப்பித் தங்கும். அப்படித் தங்கினா, குழாய்க்குள்ளதான் சிக்கியிருக்கோ எண்டு உடனே பாக்கவேணும். அவள் வந்து என்னட்டக் கேட்டாள். உனக்கெங்க புள்ள, எண்ணெய் பூசு எண்டு நான் அனுப்பிவிட்டனான். அடுத்த நாள் வெடிச்சிட்டுது. லூப்பும் அப்படித்தான். உங்கட மகளை நான் பாத்திருந்தா அவள் உயிரோட இருந்திருப்பாள். இவளையும் நான் சோதிக்காமத்தான் குளிசை குடுத்தனான். என்னை என்ன வேணுமெண்டாலும் பிறகு செய்யுங்க. இப்ப ஆகிப்பைக் கூப்பிடுங்க."

றஹ்மத் உம்மா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மேசையிலிருந்த கைபேசியை எடுத்தாள். விரல் இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை மகன் எடுத்தான். "ஆகிப், ஓட்டோவோட ஓடி வா மகன்" என்றாள். பெருநாள் விருந்துக்கு வந்த இரண்டு பெண்கள் படலையில் நின்றார்கள். அவர்களை உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அறைக்குள் போய் மருமகளின் தலையில் முக்காட்டைப் போட்டுவிட்டு, சுஜீவாவோடு சேர்ந்து அவளைத் தூக்கினாள்.

வழியெல்லாம் பெருநாள் கூட்டம். ஆகிப் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. சுஜீவா ஆஸ்பத்திரிக்கு அழைத்து, லூப் இருக்கிற ஆள், ஏழு வாரம் இருக்கும், உள்ளே இரத்தம் போகிறது, தியேட்டரை ஆயத்தமாக வையுங்கள் என்று சொல்லிவிட்டு, றுமானாவின் கால்களைத் தன் மடியில் உயர்த்தி வைத்துக்கொண்டாள். தலை றஹ்மத் உம்மாவின் மடியில். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு உடம்பு கிடந்தது. பாலாவிச் சந்தி கடக்கும்போது றுமானா கண்ணை மூடிவிட்டாள். றஹ்மத் உம்மா அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி, "மகள், மகள்" என்றாள். மருமகளை அவள் அப்படி அழைத்து சுஜீவா அதற்கு முன் கேட்டதில்லை.

வாசலிலேயே தள்ளுவண்டியோடு நின்றார்கள். ஸ்கேன், கையெழுத்து, இரத்தம். தியேட்டர்க் கதவு மூடியது. ஆகிப் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். வாங்கின் ஒரு முனையில் றஹ்மத் உம்மா, மறுமுனையில் சுஜீவா. சுஜீவா செபமாலையைத் தேடினாள். அது வீட்டில் மறந்து வந்த பையில் இருந்தது. விரல்களாலேயே எண்ணினாள்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து டொக்டர் வந்தார். வலது குழாய் வெடித்திருந்தது, எடுத்துவிட்டோம், வயிற்றுக்குள் ஒன்றரை லீற்றர் இரத்தம். இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் சொல்வதற்கில்லை, இப்போது பயமில்லை என்றார். லூப் அதன் இடத்தில்தான் இருந்தது என்றும் சொன்னார். அதன் மேல் குற்றமில்லை. அது ஆயிரம் கருவை மறித்திருக்கும், இது ஒன்று தப்பி வந்து இடம் மாறித் தங்கிவிட்டது என்றார். ஆகிப் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

றஹ்மத் உம்மா இரண்டு கையையும் ஏந்தி நெடுநேரம் துஆக் கேட்டாள். முடிந்ததும் முகத்தைத் தடவிக்கொண்டு, சுஜீவாவைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஹஃபீலாட வயித்துல எத்தின மாசம்?"

"ஒண்டரை மாசம் இருக்கும் உம்மா."

"பத்தொம்பது வருஷமா அவளுக்கு மட்டும்தான் ஓதுறன், வயித்துல இரிந்ததுக்கு ஓதல்ல." பிறகு திரும்பினாள். "வருஷத்துல ரெண்டு பெருநாள். பத்தொம்பது வருஷம் என்ட கையால வட்டிலப்பம் வாங்கித் திண்டீங்களே மிஸ்ஸி. எப்பிடித் தொண்டையால எறங்கினிச்சி?"

சுஜீவா எழுந்து வெளியே வந்து, பஸ் எடுத்து வீட்டுக்குப் போனாள்.

அதன் பிறகு கடமைக்காக அந்த வீட்டுக்கு நான்கு தடவை போனாள். றுமானாவின் காயத்தைப் பார்த்தாள், இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தாள். நான்கு தடவையும் றஹ்மத் உம்மா பின்வளவில்தான் இருந்தாள். கதிரை போட்டது றுமானா. பிளேன்டீ தந்ததும் றுமானா. "மாமி ஒண்டும் கதைக்கிறாவில்ல மிஸ்ஸி. ஹஃபீலா ராத்தாட பெட்டியத் தொறந்து உடுப்பெல்லாம் வெயிலுக்குப் போட்டிரிக்கா" என்றாள். ஊருக்குள்ளும் விஷயம் பரவிவிட்டது. சில பெண்கள் லூப்பைக் கழற்றச் சொல்லி வந்தார்கள். சுஜீவா ஒவ்வொருத்தியாக உட்கார வைத்துச் சொன்னாள். ஒன்றுமே போடாதவளைவிட லூப் போட்டவளுக்கு இந்த ஆபத்துக் குறைவு. ஆனால் நாள் பிந்தினால், ஒரு பக்கமாக வயிறு நொந்தால், தோள் நுனி நொந்தால், லூப் இருக்கிறது, குழாய் கட்டியிருக்கிறது என்று ஆறியிருக்காதே, ஓடி வா என்று. வெட்கப்படாமல் ஹஃபீலாவுக்குத் தான் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள்.

ஜூன் மாதம் கடைசிக் கிளினிக். பிரியாவிடைக்கு மாலையும் கேக்கும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். பத்து மணியளவில் வாங்குகளில் கசமுச என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தேழு வருடத்தில் ஒரு நாளும் கிளினிக் படி ஏறாத றஹ்மத் உம்மா, கையில் மூடிய ஒரு பாத்திரத்தோடு வாசலில் நின்றாள்.

யாரும் இடம் விடுவதற்குள் அவளே பேசத் தொடங்கினாள். மேடைப் பேச்சு இல்லை. வாங்கில் இருந்த அக்கீலாவைப் பார்த்து, சந்தையில் விலை கேட்கிற குரலில், "நீயும் லூப்தானே? தோள் வலிச்சா வாய்வெண்டு இரிந்திடாத. என்ட மக அப்பிடித்தான் போனா. வழி கட்டியிருந்தவ" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை ஊர் கேட்கச் சொல்வதற்கு அந்தத் தாய்க்கு எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று சுஜீவாவுக்குத் தெரியும்.

றஹ்மத் உம்மா மேசைக்கு வந்து பாத்திரத்தைத் திறந்தாள். தேங்காய்ப்பாலும் ஏலமும் மணந்தது. பெருநாளும் இல்லை, ஒன்றும் இல்லை.

"திண்ணுங்க."

"உம்மா, எனக்கு..."

"இவ்வளவு காலமும் தெரியாமத் தந்தன். இது தெரிஞ்சி தாறது. திண்ணுங்க மிஸ்ஸி."

சுஜீவா கரண்டியை எடுத்தாள். பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அழுதுகொண்டே தின்றாள். றஹ்மத் உம்மா பாத்திரம் காலியாகும் வரை பக்கத்திலேயே நின்றாள்.